நான் தப்பாகச் சொன்ன வங்காள வாக்கியம்

அந்த வாக்கியத்தை நான் பல நாளாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளிக்கும்போது, பஸ்ஸில், அலுவலகத்தில் இரண்டு ஃபைல்களுக்கு நடுவே. "ஆமார் மேயே கொலா செடே தேபே." என் மகள் பாட்டு வகுப்பை விட்டுவிடுவாள் என்று அதற்கு அர்த்தம். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கிலீஷில் சொல்லியிருக்கலாம். மகளின் பாட்டு டீச்சருக்கு முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். பகலில் செக்டர் ஃபைவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மாலையில் சால்ட் லேக்கில் தன் வீட்டில் ஏழெட்டுப் பெண்களுக்குப் பாட்டு. என்னைவிட நன்றாக இங்கிலீஷ் பேசுவார். ஆனால் என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை.

"இங்கிலீஷ்ல சொன்னா ஆபீஸ் சர்க்குலர் மாதிரி இருக்கும்ங்க. அந்தப் பொண்ணு நம்ம பிள்ளைக்கு எவ்வளவு செஞ்சிருக்கு. அவங்க பாஷையில பதமா சொல்லுங்க."

"அப்ப நீயே போய்ச் சொல்லேன்."

"எனக்கு வெங்காயம், உருளைக்கிழங்கு வாங்குற அளவுக்குத்தான் வரும். நீங்கதான் நாள் முழுக்க அவங்களோட உக்காந்திருக்கீங்க."

உட்கார்ந்திருக்கிறேன் என்பது உண்மை. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. விசாகப்பட்டினம், நாக்பூர் என்று சுற்றிவிட்டு இங்கே மாற்றலாகி வந்து நாலு வருஷமாகிறது. அலுவலகத்தில் ஹிந்தியும் இங்கிலீஷும் போதும். வங்காளம் என் காதைச் சுற்றிப் போய்க்கொண்டிருக்கும். அவ்வப்போது ஒரு சொல் ஒட்டிக்கொள்ளும். 'கொலா' என்ற சொல் எனக்குக் கீழ்வீட்டு அம்மாளிடமிருந்து வந்தது. மாலையில் மகள் பயிற்சி செய்யாவிட்டால், "மேயே ஆஜ் கொலா சாத்சே நா?" என்று படிக்கட்டில் கேட்பார். ஆகவே கொலா என்றால் பாட்டுப் பயிற்சி என்று எடுத்துக்கொண்டேன். 'செடே' எனக்கு ரயிலிலிருந்து வந்தது. சாந்த்ராகாச்சியில் ஒருமுறை சென்னை வண்டியைப் பிடிக்கக் குடும்பத்தோடு ஓடியபோது, எதிரே வந்த போர்ட்டர் நின்று, "செடே தியேச்சே" என்றார். வண்டி போய்விட்டது. வேலையை விட்டவன், கிளம்பிய பஸ், எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்தான் என்று பிறகு தெரிந்தது. இரண்டையும் சேர்த்துக் கட்டினேன். மகளிடம் கேட்டுச் சரிபார்த்திருக்கலாம். வீட்டில் நன்றாக வங்காளம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஆனால் அவளை நிறுத்தப்போகிற வாக்கியத்தை அவளிடமே எப்படித் திருத்தித் தரச் சொல்வது.

இங்கே வந்தபோது அவள் ஏழாம் வகுப்பு. முதல் சில மாதங்கள் பள்ளிக்கூடத்தில் யாரோடும் பேசவில்லை என்று வகுப்பாசிரியை எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். தமிழ் யாருக்கும் தெரியாது, அவள் ஹிந்தியைக் கேட்டுச் சிரித்தார்கள். மதியச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவருவாள். அந்த நேரத்தில்தான் கீழ்வீட்டு அம்மாள் இந்த டீச்சரைப் பற்றிச் சொன்னார். போன முதல் வாரத்தில் அவளுக்கு ஒரு வங்காளப் பாட்டு வந்தது. அடுத்த மாதம் அந்தப் பாட்டிலிருந்த சொற்களை வைத்துக்கொண்டே வெளியில் பேச ஆரம்பித்துவிட்டாள். மழையைப் பற்றிய பாட்டில் வருகிற சொல்லை எடுத்து ஒரு ஆட்டோக்காரரிடம் வழி சொன்னாள். அவர் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். "அம்மா, இப்படி என்னோட யாரும் பேசினதே இல்ல. நீ சொல்ற இடத்துக்குப் பணம் வாங்காமலே போகலாம் போலிருக்கு" என்றார். பணம் வாங்கிக்கொண்டார், அது வேறு. ஆனால் அன்றைக்கு இரவு என் மகள் இரண்டு தடவை சாதம் போட்டுக்கொண்டாள்.

அவள் பேச ஆரம்பித்தது, தோழிகள் கிடைத்தது, சரஸ்வதி பூஜைக்குப் புடவை கட்டிக்கொண்டு அவர்களோடு போனது எல்லாம் அந்த டீச்சரின் ஐந்தாவது மாடி வீட்டிலிருந்து வந்தவை. எனக்கு அது தெரியும். தெரிந்தும் நிறுத்தத்தான் முடிவு செய்தோம். பதினோராம் வகுப்பு தொடங்கியிருந்தது. என் அலுவலகத்தில் யாரைப் பார்த்தாலும் பிள்ளைகளின் கோச்சிங் பற்றித்தான் பேச்சு. எந்த இடம், எந்த பேட்ச், யார் பையன் எந்தப் பரீட்சையில் கோட்டைவிட்டான். வீட்டுக்கு வந்து படுத்தால் நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். எனக்கு எப்போது வேண்டுமானாலும் மறுபடி மாற்றல் வரலாம். அதற்குள் அவளை ஏதாவது ஒரு கரையில் ஏற்றிவிட வேண்டும். நல்ல கோச்சிங் என்று சொன்ன இடத்தில் கிடைத்த பேட்ச், பாட்டு வகுப்பு நடக்கும் அதே நாட்களில், அதே நேரத்தில்.

மகளிடம் சொன்னபோது அழவில்லை, வாதாடவில்லை. "சரிப்பா" என்றாள். போய் ஃபிசிக்ஸ் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். அந்தச் 'சரிப்பா' எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அது எந்தப் பக்கத்துச் சரி என்று தெரியாமல் நானும் அவள் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

கடைசியாக ஒரு வகுப்புக்கு அவள் போவது, நான் அலுவலகத்திலிருந்து நேரே அங்கே போய் டீச்சரிடம் சொல்லிவிட்டு அவளை அழைத்து வருவது என்று ஏற்பாடு.

அன்று மாலை வானம் திடீரென்று கறுத்தது. சித்திரையில் இங்கே அப்படித்தான். கால்பைசாகி என்பார்கள், பகலெல்லாம் வேகவைத்துவிட்டு மாலையில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து கொட்டிவிட்டுப் போகும். நான் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தபோது முதல் துளிகள் விழுந்துகொண்டிருந்தன. லிஃப்ட் பழையது. இரும்பு மடக்குக் கதவு, மூன்று பேர் நின்றால் முழங்கை இடிக்கும் அகலம். மூடிய இடங்கள் எனக்கு ஆகாது. ரயிலில் மேல் பெர்த்தில்கூடப் படுக்க மாட்டேன். படியில்தான் போக நினைத்தேன். அதற்குள் பின்னாலிருந்து, "தாதா, இருங்க, இருங்க" என்று குரல். தாதா என்றால் இங்கே அண்ணா. டீச்சர் ஆட்டோவிலிருந்து இறங்கி, லேப்டாப் பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்காக லிஃப்ட் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு பெண் கதவைத் திறந்து பிடித்திருக்கும்போது எனக்குப் பயம் என்று எப்படிச் சொல்வது. ஏறிவிட்டேன்.

அவர் பேசியது பாதி இங்கிலீஷ், பாதி வங்காளம். எனக்குப் புரிந்தபடி தமிழில் எழுதுகிறேன்.

"நீங்க மேல வர்றதே அபூர்வமாச்சே. என்ன விஷயம்?"

லிஃப்ட் ஏறிக்கொண்டிருந்தது. மேலே போனால் மற்றப் பெண்கள் இருப்பார்கள், மகள் இருப்பாள். இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "ஆமார் மேயே..." என்றேன். லிஃப்ட் ஒரு குலுக்கு குலுக்கியது. விளக்கு போயிற்று. எங்கள் தலைக்குமேல் சுற்றிய சின்ன விசிறி மெதுவாக நின்றது.

"லோட்ஷெடிங்" என்றார் இருட்டில், சாதாரணமாக.

நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பயத்தில் கையில் இருந்த ஒரே பொருளைப் பிடித்துக்கொள்வதுபோல, பாதியில் நின்ற வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு முடித்துவிட்டேன். "...கொலா செடே தேபே."

அவர், "நிஜமாவா?" என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம். "தாதா, நிஜமாத்தான் சொல்றீங்களா? நீங்களே வந்து சொல்றீங்களே. இதுக்குத்தான் நான் இத்தனை நாளா காத்துக்கிட்டிருந்தேன்."

எனக்கு முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. என் பிள்ளை எப்போது போவாள் என்றா இவர் காத்துக்கொண்டிருந்தார். பதமாகச் சொல்ல வேண்டும் என்று நான் பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். இவரோ விட்டது தொல்லை என்கிறார். இந்தப் பெண்ணையா என் மகள் வீட்டில் அக்கா என்று, 'தீதி, தீதி' என்று மூச்சுக்கு ஒருதரம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கோபமாக ஏதாவது கேட்க வேண்டும் என்று பார்த்தேன். குரல் வரவில்லை. அப்போதுதான் எனக்கு மூச்சு முட்டுவது தெரிந்தது.

அவர் செல்போன் விளக்கைப் போட்டார். மடக்குக் கதவுக்கு அப்பால் பூசாத சுவர், மூக்குக்கு நேரே. இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றிருந்தோம். மேலே ஒரு கையகலத்துக்கு இடைவெளி. அதில் யாரோ வீட்டு வாசலின் மிதியடியும் அதன்மேல் ஒற்றைச் செருப்பும் தெரிந்தன. மழை இரைச்சல் கட்டடம் முழுக்க. அவசர மணியை அழுத்தினார். அதற்கும் கரண்ட் இல்லை. கேர்டேக்கருக்கு போன் போட்டார், எடுக்கவில்லை. மேலே இருந்த தன் அம்மாவுக்குப் போட்டார், அந்த அழைப்பு போயிற்று. மேலே எல்லாரும் பத்திரமாக இருக்கிறார்கள், கேர்டேக்கர் டீ குடிக்கப் போனவர் மழையில் மாட்டிக்கொண்டிருப்பார், லிஃப்டைக் கையால் இறக்கும் சாவி அவரிடம்தான் இருக்கிறது என்று அவர் அம்மா கத்திச் சொன்னது எனக்கும் கேட்டது. பிறகு சிக்னல் போய்விட்டது.

சுவர் கிட்டே வருவதுபோல இருந்தது. வராது என்று தெரியும். வந்தது. நான் வாயைத் திறந்து காற்றை இழுத்தேன். மறுபடி இழுத்தேன். இழுத்துக்கொண்டே இருந்தேன். நெஞ்சு நிரம்பிவிட்டது, ஆனாலும் காற்று போதவில்லை. நான் பிடித்திருந்த இரும்புக் கதவு கடகடவென்று ஆடியது. இங்கேயே விழுந்துவிடுவேன், என் மகள் மேலிருந்து இறங்கி வந்து என்னை இப்படிப் பார்ப்பாள் என்று ஒரு எண்ணம். அந்த எண்ணம் மறுபடியும் காற்றை இழுக்க வைத்தது.

அவர் விளக்கை என் முகத்தின்மேல் அடிக்காமல் தரையில் திருப்பினார். "தாதா, நீங்க எடுத்துக்கிட்டே இருக்கீங்க. இடமே இல்லாத பையில திணிக்கிற மாதிரி. சாடுன்."

புரியவில்லை.

"மூச்சை. செடே தின். வெளியே. விடுங்க." ஊதிக் காட்டினார். மெழுகுவர்த்தியை அணைக்கிறதுபோல, ஆனால் நீளமாக.

விட்டேன். கொஞ்சம்தான் போயிற்று.

"இன்னும். என் முதல் நாள் பிள்ளைங்க எல்லாம் இப்படித்தான். பாடணும்னு சொன்னா மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. இழுக்கிறதை உடம்பு தானா பாத்துக்கும். விடறதுதான் நாம கத்துக்கணும். செடே தின்."

மறுபடி விட்டேன். அந்த நீளமான மூச்சின் நடுவில்தான் எனக்கு உறைத்தது. செடே. ரயில் கிளம்பியதற்குச் சொன்ன அதே சொல். மூச்சை விடு. வேலையை விடு. வகுப்பை விடு. நம் 'விடு' செய்கிற வேலையை எல்லாம் இங்கே இது செய்கிறது. அப்படியானால் கொலா?

தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கேட்டேன். "கொலா?"

"ஆமா, கொலா. தொண்டை, குரல்." அவர் சிரித்தது கேட்டது. "நீங்கதான சொன்னீங்க. உங்க பொண்ணு குரலை விட்டுப் பாடப்போறான்னு."

நான் சொன்னது அதுதான் என்று அப்போது தெரிந்துகொண்டேன். என் மகள் வகுப்பை விடுவாள் என்று சொல்ல வந்து, என் மகள் இனிமேல் வாய்விட்டு, தொண்டையைத் திறந்து பாடுவாள் என்று சொல்லியிருக்கிறேன்.

திருத்த வேண்டும். "ஆக்சுவலி..." என்று ஆரம்பித்தேன்.

"பேசாதீங்க. இப்பத்தான் ஒழுங்கா வருது. போன்ல சார்ஜ் கொஞ்சம்தான் இருக்கு. லைட்டா, தம்புராவா, எது வேணும்?"

நான் பதில் சொல்வதற்குள் விளக்கை அணைத்துவிட்டு, போனில் தம்புராவை ஓடவிட்டார். என் மகளும் வீட்டில் அதே போன் தம்புராவைத்தான் வைத்துக்கொள்வாள். எனக்கு அது எப்போதும் பக்கத்து அறைச் சத்தம். இப்போது அந்த இருட்டுப் பெட்டிக்குள் அது என்னைச் சுற்றி நின்றது. சுவர் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாததால், காது போகிற தூரம்தான் அறையின் அகலம் என்று ஆகிவிட்டது. அந்தத் தூரம் அதிகமாகவே இருந்தது.

"ஆ-ன்னு விடுங்க. சுருதி சேரணும்னு இல்ல. யாரும் மார்க் போடப்போறதில்ல."

வயசு ஐம்பதை நெருங்குகிறது. ஸ்கூல் அசெம்பிளியில்கூட நான் உதட்டை மட்டும் அசைத்தவன். "ஆ" என்றேன். ஊசிபோல ஒரு சத்தம் வந்து நின்றது.

அவர், "ஓ, இங்கேர்ந்துதான் வந்துதா" என்றார்.

"என்ன?"

"உங்க பொண்ணு குரல். குழாய் இதுதான்னு இப்பத் தெரியுது. அதே சொட்டு."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் மூச்சு தானாக வெளியே போகிறது. அதையும் அன்றுதான் கவனித்தேன்.

மேலே பெண்கள் பயிற்சியைத் தொடர்ந்துகொண்டிருந்தார்கள். மழை சற்றுத் தணிந்தபோது லிஃப்ட் குழி வழியாக அது இறங்கி வந்தது. ஸரிகம மேலே போய்த் திரும்பி வரும். அதில் ஒரு குரல் மற்றவற்றுக்கு மேலே எழுந்து, தயக்கமே இல்லாமல் நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அது என் பொண்ணா?" என்று கேட்டேன்.

"இல்ல தாதா. அது டாக்டர் வீட்டுப் பொண்ணு. சுருதி பத்தாது, ஆனா பயமில்ல. உங்க பொண்ணைக் கேக்க முடியாது. பக்கத்துல உக்காந்திருந்தா எனக்கு மட்டும் கேக்கும். எல்லாரையும்விட சுத்தமான சுருதி அவளோடது. ஸ்வரத்தோட வாசல் வரைக்கும் வருவா. பெல் அடிக்காம திரும்பிப் போயிடுவா. பக்கத்து ரூம்ல யாரோ தூங்கறாங்கங்கிற மாதிரியே பாடுவா. உங்க வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

இல்லை என்றேன். யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் ஊர் ஊராக மாற்றலாகிப் போகிற குடும்பங்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். நாங்கள் எங்கே போனாலும் அந்தக் கட்டடத்துக்குக் கடைசியாக வந்தவர்கள். நாற்காலியை இழுக்க மாட்டோம், தூக்கி வைப்போம். மிக்ஸிக்குத் துண்டு சுற்றி ஓட்டுவோம். மகள் பயிற்சி செய்யும்போது ஜன்னலைச் சாத்திக்கொள்வாள். யாரும் அவளை அதட்டியதில்லை. 'மெதுவா' என்ற சொல் எங்கள் வீட்டில் உப்பு மாதிரி, எல்லாவற்றிலும் இருக்கும். இதையெல்லாம் வங்காளத்தில் சொல்ல எனக்குத் தெரியாது, இங்கிலீஷில் சொல்லத் தோன்றவில்லை.

"நான் காலையிலேர்ந்து ஆபீஸ் மீட்டிங்ல மியூட்லதான் இருக்கேன்" என்றார் அவர். "நாள் முழுக்க யாரோ பேசுவாங்க, நான் மியூட். சாயங்காலம் இங்க வந்து இந்தப் பிள்ளைங்களோட உக்காந்தாதான் எனக்கு ஒரு குரல் இருக்குன்னே ஞாபகம் வரும். அதனால உங்க பொண்ணைப் பாத்தா எனக்குப் பொறுக்காது. இந்த வருஷம் உங்ககிட்ட வந்து பேசணும்னு இருந்தேன். பயமாவும் இருந்தது. லெவன்த் வந்தா எல்லாரும் நிறுத்திடுவாங்க. வெளியூர்லேர்ந்து வந்தவங்க இன்னும் சீக்கிரம் நிறுத்திடுவாங்க. நீங்களும் அதைச் சொல்லத்தான் வந்திருக்கீங்கன்னு கீழ உங்களைப் பாத்ததும் நெனச்சேன்."

தம்புரா ஓடிக்கொண்டிருந்தது. நான் மூச்சை விட்டுக்கொண்டிருந்தேன். இதுதான் சந்தர்ப்பம். 'அதற்குத்தான் வந்தேன்' என்று இரண்டே சொற்கள் சொன்னால் போதும். லிஃப்ட் கதவைவிட அந்த இரண்டு சொற்கள் இறுகிக் கிடந்தன. எந்தப் பெட்டியில் மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே குழப்பமாகிவிட்டது.

கேர்டேக்கர் எப்போது வந்தார் என்று தெரியாது. மேலே எங்கேயோ சக்கரத்தைச் சுற்றும் சத்தம் கேட்டது. பெட்டி விரல் விரலாக இறங்கி இரண்டாவது மாடியில் நின்றது. தலை நனைந்த அந்த மனிதர் கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "மழை வர்ற நேரத்துல இதுல ஏறலாமா தாதா? இது என்னைவிடக் கிழம்" என்றார். நான் வெளியே கால் வைத்ததும் படியில் உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் பார்க்காததுபோலத் திரும்பிக்கொண்டார். அந்த உதவியை நான் மறக்கவில்லை.

படியில் ஐந்தாவது மாடிக்குப் போனோம். அவர் வீட்டு முன்னறையில் எமர்ஜென்சி விளக்கு எரிந்தது. பாயில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். என் மகள் சுவரோரம், வழக்கம்போலக் கடைசியில். என்னைப் பார்த்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முடிந்தது, கிளம்பலாம் என்ற தயார்நிலை. அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததை என்னால் இன்றைக்கும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

டீச்சர் ஈரப் பையைக்கூட இறக்கவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி அறிவித்துவிட்டார்: இவளுடைய அப்பா வாக்குக் கொடுத்திருக்கிறார், இனிமேல் இவள் கொலா செடே பாடுவாள்.

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு டீச்சரை. மறுபடி என்னை. அந்த அறையில் யாருக்கும் புரியாத தமிழில் மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?"

"நாம பேசி வச்சதைத்தான் சொன்னேன்."

"எப்படிச் சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க."

சொன்னேன். அவள் கையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"அதுக்கு அது அர்த்தமில்லப்பா."

"தெரியும். லிஃப்ட்லயே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் மாத்திச் சொல்லலையா?"

அதற்குள் டீச்சர், "அப்பாவும் பொண்ணும் என்ன ரகசியம்?" என்று கேட்டார். இப்போது திறவுகோல் என் மகளிடம் இருந்தது. அவள் பொய் சொல்லாத பிள்ளை. அப்பாவுக்கு வங்காளம் வராது தீதி, அவர் சொல்ல வந்தது வேறு என்று அவள் ஒரே மூச்சில், தப்பில்லாமல் சொல்லிவிட முடியும். அவள் மடியிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை எடுத்துப் பக்கத்தில் பாய்க்கு வெளியே வைத்தாள்.

"ஹ்யான் தீதி" என்றாள். "கொலா செடே தேபோ." ஆமாம் தீதி, விட்டுப் பாடுவேன். நான் சொன்ன அதே சொற்கள்தான். அவள் வாயில் சரியாக இருந்தன.

அன்றைக்கு அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. நான் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் முறை வந்தபோது எனக்குக் கேட்கவே இல்லை. மேல் ஷட்ஜத்தில் ஒரு இடத்தில் மட்டும் குரல் திடீரென்று உடைந்து பெரிதாக வெளியே வந்தது. வந்ததும் அவளே பயந்து நிறுத்திவிட்டாள். மற்றப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் வீட்டுப் பெண், "இது யாருப்பா?" என்று சுற்றுமுற்றும் தேடுவதுபோல நடித்தாள். எல்லாரும் சிரித்தார்கள், என் மகளும்.

கோச்சிங்கும் இப்போது நடக்கிறது. வேறு பேட்ச், ஞாயிற்றுக்கிழமை காலை. அவ்வளவு நல்ல பேட்ச் இல்லை என்கிறார்கள். எனக்குப் பயம் தீரவில்லை. மாற்றல் உத்தரவு எந்த நாளும் வரலாம். லிஃப்டில் நான் ஏறுவதில்லை. அலுவலகத்திலும் நாலு மாடி நடந்துதான் போகிறேன். சக ஊழியர்கள், உடம்பைக் குறைக்கிறார் என்று பேசிக்கொள்கிறார்கள். மகளை அழைத்துவரப் போகும்போது இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் படியில் நின்று, யாரும் வரவில்லையே என்று பார்த்துவிட்டு, மூச்சை நீளமாக வெளியே விடுவேன். மேலே கேட்கும் குரல்களில் அவளுடையது எது என்று தேடுவேன். சில நாள் தெரிகிறது. பல நாள் இல்லை.

அன்று மழைநீர் கணுக்காலுக்கு மேல் நின்ற தெருவில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இருவரும் வீட்டுக்கு வந்தோம். வழியெல்லாம் அவள் அந்த வாக்கியத்தை என் உச்சரிப்பில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கரண்ட் வந்திருந்தது. என் மனைவி மிக்ஸிக்குத் துண்டைச் சுற்றிச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்திவிட்டு வந்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க பாவம்?"

"ரொம்ப சந்தோஷப்பட்டாங்க."

மனைவியின் முகம் மாறியது. "சந்தோஷமா? நம்ம பிள்ளை நின்னதுக்கா? நல்லா இருக்கே கதை. நீங்க அதைக் கேட்டுக்கிட்டு சும்மா வந்தீங்களா?"

துணி மாற்றிக்கொண்டிருந்த அறையிலிருந்து என் மகள் வெடித்துச் சிரித்தாள். அவளிடமிருந்து அவ்வளவு பெரிய சத்தத்தை அந்த வீடு கேட்டதில்லை. ஜன்னல் திறந்துதான் இருந்தது.

"மெதுவாடி" என்றாள் என் மனைவி, பழக்கத்தில். "கீழ்வீட்ல என்ன நினைப்பாங்க?"

"விடு" என்றேன்.